பத்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் போனார்கள்

ஸ்பெயினில் சாண்ட்விச் கடைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது பசியில் தொடங்கவில்லை, கோபத்தில் தொடங்கியது.

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு ஃபிக்ஸ்சர், அதாவது மெஷினில் பீஸை அசையாமல் பிடித்துவைக்கும் கருவி, செய்து அனுப்பியிருந்தது. அதை ஓட்டிக் காட்ட எங்கள் சீனியரையும் என்னையும் மூன்று வாரம் அனுப்பினார்கள். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன ஊர் அல்முசாஃபெஸ். வாலென்சியா நகரத்துக்குத் தெற்கே 20 கிலோமீட்டர் இருக்கும். 1976-ல் ஃபியஸ்டா காரோடு தொடங்கிய ஃபோர்டு ஆலை அங்கேதான் இருக்கிறது, அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள். பேக்கிங் லிஸ்ட்டில் அந்தப் பெயரை நூறு முறையாவது டைப் அடித்திருப்பேன். ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதல் நாள் ஒன்பதரைக்குத்தான் ஒரு பீஸ் சரியான அளவில் வந்தது. இன்னும் பத்து பீஸ் ஓடிவிட்டால் பாதி நிம்மதி. சரியாகப் பத்து மணிக்கு மெஷினை நிறுத்தினார்கள், கையுறையைக் கழற்றினார்கள், மொத்தப் பேரும் கிளம்பிவிட்டார்கள்.

"ட்ரையல் நடக்கும்போது டீ குடிக்கப் போறானுங்களா?" என்றார் அண்ணன். ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்தார். "எஸ்மோர்சரெட்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, கூட வாங்க என்று கை காட்டினார். அந்த ஊரில் பத்து மணிச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாதாரண பார். பார் என்றால் நம் ஊர் டாஸ்மாக் பார் இல்லை. காபியும் அங்கேதான், பீரும் அங்கேதான், பாட்டிகளும் பேரன்களும் வரும் இடம். மேசைக்குக் காகித விரிப்பு, மூலையில் டிவி, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இரைச்சல். உட்கார்ந்த நிமிடமே, நாங்கள் எதுவும் கேட்காமல், ஆலிவ் ஒரு கிண்ணம், ஊறுகாய் போட்ட பச்சை மிளகாய் ஒரு கிண்ணம், தோலோடு வறுத்த வேர்க்கடலை ஒரு தட்டு வந்தது.

அந்தக் கடலையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் திண்டிவனத்துக்காரன், மல்லாட்டை தின்றே வளர்ந்தவன். அவர்கள் மல்லாட்டை நம்முடையதைவிட நீளம், மணி மணியாக இடுப்பு ஒடுங்கியிருக்கும். காகாவ் டெல் கோலாரெத் என்கிறார்கள், கழுத்துமாலைக் கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உடைத்தால் மூன்று பருப்பு, சிலதில் நான்கு. எங்கள் ஊரில் மல்லாட்டை என்ற பெயரே மணிலாக்கொட்டையிலிருந்து வந்தது. அந்த மணிலா 1898 வரை ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. இதை சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் ரசித்த மாதிரி தெரியவில்லை. ஓட்டை மேசையிலேயே போடச் சொன்னார், நான் அதுவரை சட்டைப் பையில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பரிமாறுகிற அம்மா வந்து "கே ஓஸ் போங்கோ?" என்றார். உங்களுக்கு என்ன வைக்கட்டும் என்று அர்த்தமாம். மெஸ்ஸில் கேட்கிற அதே கேள்வி, அதே அவசரம்.

இங்கே முதல் பாடம். சாண்ட்விச் என்று கேட்டால் சதுர பிரெட்டில் ஏதோ வைத்து டோஸ்ட் செய்து தருவார்கள், குழந்தைகள் சாப்பிடுகிற மாதிரி. நமக்கு வேண்டியது பொகதீயோ. நீளமான ரொட்டியை இரண்டாகப் பிளந்து நடுவே நிரப்புவது. பொகாதோ என்றால் ஒரு வாய்க் கவளம். அதைச் சின்னதாக்கிச் சொன்னால் பொகதீயோ. பெயரில்தான் சின்னது. முழுசு கேட்டால் என் முழங்கை அளவு வரும், பாதி கேட்பதே புத்திசாலித்தனம். கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் ட்ரே ட்ரேயாக எல்லாம் இருக்கிறது: உருளைக்கிழங்கு போட்ட கனமான முட்டைப் பொரியல், வறுத்த கணவாய், வெள்ளையும் கறுப்புமாக சாசேஜ், இளம்பூண்டோடு வதக்கிய குதிரைக்கறி. ஆமாம், குதிரைதான். பாஷை தெரியாவிட்டால் எழுந்துபோய் விரலைக் காட்டினால் போதும். அண்ணனுக்கு அந்த யோசனை மட்டும் வரவில்லை.

அது புரட்டாசி மாதம். அண்ணன் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார். போர்டில் "வெஹெதால்", அதாவது காய்கறி, என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, நமக்கும் ஒண்ணு வெச்சிருக்கான் பாரு." வந்ததைப் பிரித்தால் லெட்டூஸ், தக்காளி, அதற்கடியில் வேகவைத்த முட்டை வட்டம் வட்டமாக, அதற்கும் அடியில் சூரை மீன், மேலே மயோனைஸ். அண்ணன் ரொட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பரிமாறுகிற அம்மாவுக்கு எங்கள் சிக்கல் புரியவே இல்லை. கறி இல்லையே, காய்தானே என்கிறார். ஏமாற்று ஒன்றும் இல்லை. ஸ்பெயின் முழுக்க வெஹெதால் என்றால் பொதுவாக இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. சைவம் என்று சொன்னால் பத்தாது. "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் வெவோ" என்று கறி, மீன், முட்டை மூன்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். நான் ஹாம் என்கிற பன்றித்தொடைக்கறியின் பெயரையும் சேர்த்துக்கொள்வேன்.

கடைசியில் அந்த அம்மாவே உள்ளே போய், ரொட்டியில் துருவிய தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவி, பாலாடைக்கட்டியும் எண்ணெயில் பொரித்த குடைமிளகாயும் வைத்துக் கொண்டுவந்தார். மூன்று வாரமும் அண்ணன் அதையேதான் சாப்பிட்டார். நான்காம் நாளிலிருந்து அவர் வாசலில் தலை காட்டியதும் தக்காளியைத் துருவ ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு வேண்டியதை சூப்பர்வைசரே ஆர்டர் சொன்னார். என்ன என்று கேட்டேன். "அல்முசாஃபெஸ்" என்றார். ஊர் பெயரைக் கேட்கவில்லை, சாப்பாட்டுப் பெயரைக் கேட்டேன் என்றேன். அதுதான் பெயர் என்றார். வாலென்சியா பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் தெரியுமாம். சொப்ரசாதா என்று மயோர்க்கா தீவுப் பண்டம் ஒன்று உண்டு. பன்றிக்கறியை அரைத்து, சிவப்பாக பாப்ரிகா என்கிற மிளகாய்ப்பொடி சேர்த்துப் பதப்படுத்தியது, ஜாம் மாதிரி தடவலாம். அதைச் சூடாக்கி, மேலே சீஸ், நன்றாக வதக்கிய வெங்காயம். அவ்வளவுதான் அல்முசாஃபெஸ்.

ரொட்டியை அமுக்கியதும் சிவப்பு எண்ணெய் வெள்ளைப் பகுதியில் இறங்கியது, இட்லிப் பொடி எண்ணெய் இட்லியில் ஊறுமே, அப்படி. நிறத்தைப் பார்த்துக் காரத்தை எதிர்பார்த்தேன். காரம் துளிகூட இல்லை. புகை வாசனை, கொழுப்பு, வெங்காயத்தின் இனிப்பு. மேல்தோல் முறுக்கு மாதிரி நொறுங்கும், கவனம் இல்லாவிட்டால் மேலண்ணம் கிழிந்துவிடும். எனக்குக் கிழிந்தது. இரண்டு நாள் காபி குடிக்கும்போதெல்லாம் எரிந்தது. ருசியில் இதுதான் உச்சம் என்று சொல்ல மாட்டேன். கணவாய்ப் பொகதீயோ இதைவிட நன்றாக இருந்தது. ஆனால் பேக்கிங் லிஸ்ட்டில் அடித்த பெயரை வாயில் போட்டு மெல்வது வேறு மாதிரிதான்.

எல்லோருக்கும் அரை மணி நேரம். பேச்சு முழுக்க ஃபுட்பால், யார் வீட்டுத் தோட்டத்தில் எவ்வளவு ஆரஞ்சு. விடியுமுன் வயலில் இறங்கிய ஆட்கள் வெயில் ஏறியதும் கரையேறிச் சாப்பிட்ட சாப்பாடு இது என்றார் சூப்பர்வைசர், அவர் அப்பாவும் அப்படித்தானாம். பக்கத்திலேயே அல்புஃபேரா ஏரி, அதைச் சுற்றி நெல் வயல். நாங்கள் போன சமயம் அறுவடை. எங்கள் ஊரில் நடவு ஆட்களுக்குப் பத்து மணிக்குக் கஞ்சி வரப்புக்கு வரும், அதே நேரம், அதே காரணம். காலை ஆறுக்கு ஷிஃப்ட் ஏறியவருக்கு மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் என்று தெரிந்த பிறகு அண்ணனின் கோபமும் போய்விட்டது.

முடிக்கிற காபிக்கு கிரெமாயெத் என்று பெயர். கடைசி வெள்ளிக்கிழமைதான் குடித்தேன், ட்ரையல் முடிந்த தைரியத்தில். சின்னக் கண்ணாடி டம்ளரில் ரம், சர்க்கரை, எலுமிச்சைத் தோல், ஒரு துண்டு பட்டை, இரண்டு மூன்று காபிக்கொட்டை. அதைச் சூடாக்கிப் பற்றவைக்கிறார்கள். நீல நெருப்பு கொஞ்ச நேரம் ஆடி அடங்கியதும் காபியை ஸ்பூன் முதுகில் விட்டு மெதுவாக இறக்குகிறார்கள். கீழே தேன் நிறம், நடுவே கறுப்பு, மேலே நுரை. கலக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கலக்க வேண்டுமாம். கடலை, ஆலிவ், பொகதீயோ, குடிக்க ஒன்று, இந்தக் காபி எல்லாம் சேர்த்து அப்போது ஆளுக்கு ஏழரை யூரோ ஆனது. அன்றைய கணக்கில் நம் காசுக்கு எழுநூறு ரூபாய்க்குப் பக்கம். அதற்கப்புறம் மதியம் யாருக்குப் பசிக்கும்?

பிப்ரவரியில் மறுபடி போக வேண்டி வந்தது. அம்மா வறுத்துக் கொடுத்த மல்லாட்டை ஒரு கிலோ எடுத்துப் போனேன். பத்து மணிக்கு மேசையில் ஒரு தட்டில் கொட்டினேன். சூப்பர்வைசர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், உடைத்தார், இரண்டு பருப்பையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இரண்டுதானா?" என்றார். அப்புறம் அந்தத் தட்டை முழுசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.