கதிரின் கண்: குடும்பக் குழுவில்

சித்தி: கதிரைக் காட்டிவிட்டு வந்தோம். கிளை குத்திய புண்ணில் தொற்று அடங்கிவிட்டதாம். ஆனால் தழும்பு நிற்கலாம் என்கிறார் டாக்டர். கண்ணில் பூ விழுந்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பெரியம்மா: கண்ணில் கீறல் தானே ஆறிவிடும் என்பார்களே?

நிலா: மேல்படலம் மட்டும் உரசினால் சில நாளில் சுத்தமாக ஆறிவிடும் பெரியம்மா. இவனுக்கு ஆழமாக இறங்கிவிட்டது. கருவிழி என்பது கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலம் (கார்னியா). அது நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் சீராக அடுக்கியிருப்பதால்தான் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆழக் காயம் பட்டால் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் உள்ளே இறங்கி, அங்குள்ள செல்களைத் தழும்பு போடும் செல்களாக மாற்றிவிடும். அவை இழைகளைத் தாறுமாறாகப் போடுகின்றன. அந்த இடம்தான் வெள்ளையாகத் தெரிவது.

சித்தி: அதைத் தடுக்க ஒரு மருந்தும் இல்லையா நிலா?

நிலா: இருக்கிற சொட்டுகள் அழற்சியைத்தான் குறைக்கும் சித்தி. தழும்பையே தடுக்க ஆராய்ச்சி நடக்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டெகோரின் கலந்த ஜெல் சொட்டு ஒன்று செய்து 2018இல் வெளியிட்டார்கள். டெகோரின் நம் உடம்பிலேயே உள்ள புரதம். டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்து அடக்கிவிடும். வழக்கமான சொட்டு இமைக்க இமைக்க வழிந்துபோகும். இந்த ஜெல் இமைக்கும்போது இளகிப் பரவி, அப்புறம் கண்ணிலேயே தங்கும். தொற்று வந்த எலிக் கண்களில் வெண்மை நன்றாகக் குறைந்தது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை.

மாமா: லோசார்டனும் இதற்கு உதவும் என்று படித்தேன். நான் பிரஷருக்குப் போடுவது அதுதானே?

நிலா: அதேதான் மாமா. முயல்களுக்குச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்ததில் தழும்பு குறைந்தது. ஆனால் மாத்திரையைக் கரைத்துக் கண்ணில் விடவே கூடாது. கண்ணுக்கான சொட்டைக் கிருமி இல்லாமல் தனியாகத் தயாரிக்க வேண்டும்.

மாமா: சரிம்மா.

நிலா: சித்தி, புண் நடுவிலா, ஓரத்திலா?

சித்தி: ஓரமாக, கண்ணின் பாப்பாவுக்கு நேரே இல்லை என்றார். வியாழக்கிழமை பவர் பார்க்க வரச் சொன்னார். இப்போதே எதற்கு என்று விட்டுவிட இருந்தேன்.

நிலா: விட்டுவிடாதீர்கள் சித்தி! ஓரத்துத் தழும்புகூடக் கருவிழியின் வளைவை இழுத்துப் பார்வையை மங்கலாக்கலாம். அவனுக்கு 6 வயதுதான். இந்த வயதில் ஒரு கண் மங்கலாகவே இருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். பிறகு தழும்பு போனாலும் பார்வை முழுதாக வராமல் போகலாம்.

சித்தி: ஐயோ, இதை யாரும் சொல்லவில்லையே. கட்டாயம் போகிறோம்.

மாமா: வியாழன் காலையில் நான் வருகிறேன், சேர்ந்தே போகலாம்.