வைட்டல்ஸ் (பல்ஸ், பிபி, காய்ச்சல், மூச்சு) பார்க்கிறவர்களின் அனுபவங்கள்: மூச்சை யார் எண்ணுகிறார்கள்?

ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு மாவட்டம்

டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கினால் என் கண் முதலில் போவது மூச்சு எழுதும் கட்டத்துக்குத்தான். வார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் வரிசையாக 20, 20, 20 என்று இருந்தால் யாருக்கும் எண்ணிப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். பல்ஸ், பிபி, ஆக்சிஜன் அளவு மூன்றையும் மிஷின் காட்டிவிடுகிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும்தான் ஒருத்தர் பக்கத்தில் நின்று, நெஞ்சைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டியிருக்கிறது. கூட்டம் நெரிகிற வார்டில் அந்த ஒரு நிமிஷம்தான் முதலில் விடுபட்டுப் போகிறது. ஆனால் நோயாளியின் நிலைமை மோசமாகிறது என்பதைப் பல நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வதும் அதுதான். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைப் பேரன் கூட்டி வந்திருந்தான். சர்க்கரை உள்ளவர். மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டும்போது மம்முட்டி பட்டுக் காலில் புண். "ஒண்ணுமில்லீங் அம்மிணி, ரெண்டு நாளாச் சோறு எறங்கல, மேலெல்லாம் அசதியா இருக்குதுங்க, அவ்வளவுதான்" என்றார். பிபி 124/78. காய்ச்சல் 99. ஆக்சிஜன் 97. பல்ஸ் கொஞ்சம் கூட, 104. இந்த எண்களை மட்டும் பார்த்தால் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஓரமாக உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவர் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி இழுத்து மூச்சு வாங்கினார். எண்ணினேன். 32. வேகம் மட்டுமில்லை, ஒவ்வொரு மூச்சும் ஆழம். மூச்சுத் திணறுதுங்களா என்று கேட்டதற்கு, "இல்லீங்களே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்" என்றுதான் சொன்னார்.

குளுக்கோமீட்டர் எண்ணே காட்டவில்லை, 'ஹை' என்று வந்து நின்றது. சிறுநீரில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது வரும் அமிலப் பொருள்) இருந்தது. டாக்டர் வந்து சலைனும் இன்சுலின் டிரிப்பும் ஆரம்பித்தார்.

ஆக்சிஜன் 97 இருக்கும்போது மூச்சு ஏன் இப்படி ஓடுகிறது என்று கூட இருந்த மாணவி கேட்டார். அதைப் புரிந்துகொண்டால் அப்புறம் யாரும் மூச்சை எண்ணாமல் விடமாட்டார்கள். இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கிறது, ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தைக் குறைக்க நுரையீரல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியே தள்ளுகிறது. அவருடைய நுரையீரலில் கோளாறு இல்லை. வேறு இடத்தில் வந்த கேட்டை நுரையீரல் சமாளித்துக்கொண்டிருந்தது. அதனால் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டரில் ஒரு குறையும் தெரியாது. கிருமி ரத்தத்தில் பரவும்போதும் இப்படித்தான், பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும்.

இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் நோயாளியின் நிலைமை எவ்வளவு மோசம் என்று கணக்கிட 'நியூஸ்' என்று ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. அதில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ஒரு குறிக்குத் தரும் உச்ச மதிப்பெண்ணே அதுதான். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை சரி. அதற்கு மேல் போனால் ஏன் என்று கேட்டாக வேண்டும்.

எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும். நான் மணிக்கட்டில் பல்ஸ் பார்ப்பேன். பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்த்து எண்ணுவேன். சேலைக்கு மேல் நெஞ்சு அசைவது தெரியாவிட்டால் அவர் கையையே அவர் வயிற்றின் மேல் மடக்கி வைத்து, அதன்மேல் என் கையை வைத்துக்கொள்வேன். கை ஏறி இறங்குவது நன்றாகத் தெரியும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள் உண்டு. அதில் ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நாலு போய்விடும். எனக்கு அது ஒப்பாது.

கிராம சுகாதார செவிலியர், கோபிப் பக்கம்

அக்கா சொன்னது குழந்தைகளுக்கு இன்னும் பொருந்தும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சு இந்த எண்ணைத் தொட்டாலே நிமோனியா இருக்குமோ என்று பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி. அழும் குழந்தைக்கு எண்ணக் கூடாது. அம்மா மடியில் அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

நான் எழுத வந்தது பிபி பற்றி. வீடு வீடாகப் போகிற வேலையில் ஒழுங்காக பிபி பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். தோட்டத்துச் சாளைக்குப் போனால் களை வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்து கையை நீட்டுவார். சாய்மானம் இல்லாத கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். பட்டை சுற்றிக் காற்று ஏறும்போதே, "ஏனுங் அம்மிணி, உங்க ஊர்ல மழைங்களா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். பேசினால் பிபி ஏறும். கால் மேல் கால் போட்டால் ஏறும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாவிட்டால் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டும். அதனால் முதலில் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன், கால் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். பிறகு ஐந்து நிமிஷம் சும்மா விடுவேன். டீ குடித்திருந்தால் அரைமணி நேரம். அதற்குள் அடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்ததுதான் ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வீடு நிறைய ஒறம்பரை. கால் வீங்கியிருந்தது. "மாசமா இருக்கற புள்ளைக்குக் கால் வீங்கத்தானுங்க செய்யும்" என்றார் பாட்டி. வீக்கம் பலருக்கும் வரும்தான். பிபி 142/92. அலைச்சலாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் உள் அறையில் படுக்க வைத்து, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். 144/94. தலை வலிக்குதா கண்ணு என்று கேட்டேன். "ரெண்டு நாளா வலிக்குதுங்கக்கா, தூங்காததுனாலன்னு நெனச்சேன்" என்றாள். மூன்றாம் மாத அட்டையில் அவளுக்கு 104/66 என்று நானே எழுதியிருந்தேன். அந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் 142 எவ்வளவு பெரிய ஏற்றம்! சிறுநீரைச் சோதித்ததில் புரதம் வந்தது. அன்றைக்கே வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே விடக் கூடாது, 160/110 வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ராத்திரிக்குள் 160-ஐத் தாண்டிவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். மருந்து கொடுத்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள்.

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர், சத்தி சுற்றுவட்டாரம்

மூச்சைப் பற்றி எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒரு அழைப்பு. வயிற்று வலி, தொண்டை அடைக்கிறது என்றார்கள். கரும்புக் காட்டுக்குக் காவலாகச் சாளையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், நடுத்தர வயசு. கடிவாய் எதுவும் தெரியவில்லை, வீக்கம் இல்லை. ஆக்சிஜன் 98, பிபி சரி, பல்ஸ் சரி. ஆனால் கண் இமை இரண்டும் பாதி மூடியே இருந்தன. திறங்க என்றாலும் முழுசாகத் திறக்க முடியவில்லை.

கட்டுவிரியன் அப்படித்தான் கடிக்கும். ராத்திரியில், தரையில் தூங்குகிறவரை, பல நேரம் வலியே தெரியாமல். அதன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது. முதலில் இமை, அப்புறம் தொண்டை, அப்புறம் மூச்சுத் தசை. ஆக்சிஜன் எண் இறங்குவது கடைசியில்தான். அதற்காகக் காத்திருந்தால் கதை முடிந்துவிடும்.

இந்த மாதிரி ஆட்களிடம் நான் மூச்சின் எண்ணிக்கையோடு இன்னொன்றும் பார்ப்பேன். ஆழமாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். வண்டி புறப்படும்போது 22 வரை எண்ணினார். பாதி வழியில் 15. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் 9 தாண்டவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வாயில் வழிந்தது. ஆக்சிமீட்டர் அப்போதும் 95 காட்டியது. நான் ஆம்பு பையை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) தயாராக வைத்துக்கொண்டு, போனிலேயே இந்த மூன்று எண்ணையும் டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போனதும் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். 22, 15, 9 என்று அது இறங்கிய வேகத்தைக் கேட்டதும் டாக்டருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

குழந்தைகள் வார்டு நர்ஸ், கோவை

டெங்கு சீசனில் பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தது இது: காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படாதீர்கள். காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். ஐந்தாம் நாள் ஒரு பையனுக்குத் தெர்மாமீட்டரில் 98.4. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, லீவு முடிகிறது, டிஸ்சார்ஜ் கேட்டார். பிபி 96/80. மேல் எண் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள், வெறும் 16. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷாக், உடம்புக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கையும் காலும் சில்லென்று இருந்தன. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனது. உடனே சலைன் போனது, பிள்ளை தேறினான். மேல் எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் எங்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

டாக்டர், பல்லடம்

ஆக்சிமீட்டரை மட்டும் நம்புகிறவர்களுக்காக ஒன்று. கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு வைக்கக் கரி அடுப்பு போட்டு, குளிருக்குப் படுதாவை நாலு பக்கமும் இறக்கிவிடுவார்கள். அதற்குள்ளேயே படுத்துத் தூங்கிய இரண்டு வேலையாட்களைத் தலைவலி, வாந்தி என்று கூட்டி வந்தார்கள். இருவருக்கும் 99 காட்டியது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஏறி உட்கார்ந்துகொண்டால், சாதாரண ஆக்சிமீட்டருக்கு அது ஆக்சிஜன் மாதிரியே தெரியும். எந்த இடத்திலிருந்து வந்தார்கள் என்று கேட்டதால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. உடனே மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் வைத்தோம்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கல்யாண வீட்டிலிருந்து வருகிற பெண்களுக்கு கருப்பாகப் போட்ட மருதாணி விரலில் சில நேரம் 88 என்று காட்டும், வேறு இடத்தில் மாட்டினால் 98. குளிர்ந்த கையும் அப்படி ஏமாற்றும்.

வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்பவர், திருப்பூர்

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லீங்க. எங்கப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ், அதுக்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைச்சு ஃபிஸ்டுலா போட்டிருக்காங்க. வீட்டில் டிஜிட்டல் பிபி மிஷின் வாங்கி வெச்சிருக்கோம். காலையில் எந்திரிச்சு நின்னதும் தலை சுத்துதுங்கறார். உட்கார வெச்சுப் பார்த்தா 130/80 காட்டுது. எது உண்மைன்னு தெரியல. யாராவது சொல்லுங்களேன்.

ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு மாவட்டம்

முதல் விஷயம், இடது கையில் பட்டையே சுற்ற வேண்டாம். ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி பார்ப்பது, ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது எதுவும் கூடாது. தினமும் அந்த இடத்தில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள்.

தலைசுற்றலுக்கு உட்கார வைத்துப் பார்த்தால் போதாது. காலையில் எழுந்திருக்கும் முன்பே, படுத்திருக்கும் நிலையில் வலது கையில் ஒருமுறை பாருங்கள். பட்டையைக் கழற்றாமல் மெதுவாக எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிஷத்தில் ஒருமுறை. பக்கத்திலேயே நீங்கள் நில்லுங்கள், பின்னால் நாற்காலி இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது பிபி விழுகிறது என்று அர்த்தம். நீங்கள் பார்த்த 130-ம் உண்மை, அவர் சொல்லும் தலைசுற்றலும் உண்மை.

அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், படுத்தா நின்றா, டயாலிசிஸுக்கு முந்தின நாளா மறுநாளா என்று சேர்த்து எழுதுங்கள். அடுத்த தடவை போகும்போது அந்த நோட்டை யூனிட்டில் காட்டுங்கள். டயாலிசிஸில் எடுக்கும் நீரின் அளவைக் குறைப்பதா, மாத்திரை நேரத்தை மாற்றுவதா என்று அதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.