35 நாள் சுழற்சிக்கும் 21ஆம் நாள் டெஸ்ட்தானுங்களா?

கோபி, ஈரோடு பக்கம் இருக்கிற அக்காமாருங்க கொஞ்சம் உதவுங்க. குழந்தைக்காகக் காத்திருக்கும் எங்கள் நங்கையாவுக்கு, கருமுட்டை வெளியாகிறதா என்று பார்க்க மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 21ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். அவருக்கோ மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் தவறாமல்.

நான் படித்தது இதுதான்: மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் எஃப்.எஸ்.எச். என்கிற ஹார்மோன் முட்டையை வளர்க்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறி உச்சத்துக்கு வந்ததும் அதே சுரப்பியின் எல்.எச். என்கிற ஹார்மோன் எகிறும், ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியேறும். முட்டை போன கூடுதான் அப்புறம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கரு தங்காமல் அது வாடினால், முட்டை வெளியான சுமார் 14 நாளில் மாதவிடாய். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது முட்டை வெளியாவதற்கு முந்தைய பாதிதான். 21ஆம் நாள் என்பது, முட்டை வெளியாகி ஒரு வாரம் கழித்துப் பார்க்க, 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. நங்கையாவுக்கு முட்டை வெளியாவதே அந்தச் சமயத்தில்தான் இருக்கும், அன்றைக்கு எடுத்தால் அளவு குறைவாகத்தானே காட்டும்? 28ஆம் நாள் எடுப்பதல்லவா சரி?

இப்படி நாள் மாற்றி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டாக்டரிடம் எப்படிக் கேட்டீர்கள்? பொறுமையாக விளக்கும் லேடி டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்க. (வெந்தயம், கஷாயம் எல்லாம் எங்கம்மாவே பார்த்துக்கொள்கிறார், அது வேண்டாம்.) 28ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, கோபியில் அன்றைக்கு ரத்தம் எடுக்கும் லேப் எதுங்க?