ரோக் லெகசி வீடியோ கேம்: தினம் அதே கோட்டை, அதே சாவு. போகப் போகப் பிடிக்கும்கிறாங்களே?

இரவுவண்டு:
2013-ல வந்த முதல் பாகம்தான் ஆடுறேன். 15 தலைமுறை காலி, இன்னும் முதல் பகுதியான ஹாம்சன் கோட்டையைத் தாண்டல. ஒவ்வொரு சாவுக்கும் அப்புறம் மூணு வாரிசுல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும், அந்த வாரிசுகள் அழகுதான்: ஒருத்தனுக்கு நிறக்குருடு, திரையே கறுப்பு வெள்ளை, அடுத்தவ அறைக்குள்ள அடங்காத ராட்சசி. ஆனா வேலை ஒண்ணேதான். நுழை, வெட்டு, சாவு, மேனர்ல (பலம் ஏத்துற பரம்பரை மாளிகை) ஏதாவது வாங்கு, மிச்சக் காசை வாசல்ல வசூல்காரன் கேரன்கிட்ட அழு. எச்பி (உயிர்), தாக்குதல், மானா (மந்திர சக்தி), புது கிளாஸ் (வீரர் வகை)னு எல்லாத்துலயும் ஒவ்வொரு லெவல் ஏத்தி வெச்சிருக்கேன். இதுக்கு மேல என்னதான் பண்றது?

மூணாம்_வாரிசு:
அந்த "எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு"தான் வினை. மேனர்ல எதை வாங்கினாலும் மத்ததோட விலையும் சேர்ந்து ஏறும். இப்ப மானாவுக்குப் போட்ட காசு நாளைக்கு எச்பி விலையையும் ஏத்திவிடும். கொல்லன் (ஆயுதம், கவசம் செய்றவன்), மந்திரக்காரி (அதுல மந்திரம் பதிக்கிறவ) ரெண்டு பேரையும் முதல்ல திறங்க. அப்புறம் எச்பி, தாக்குதல் ரெண்டு மட்டும். மேஜ் (மந்திரவாதி) ஆடுறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு மானா பின்னாடி போதும்.

மைனர் (சுரங்கத் தொழிலாளி) கிளாஸைச் சீக்கிரம் திறந்துடுங்க. உடம்பு நோஞ்சான், ஆனா 30% தங்கம் கூடுதல். மைனர் வந்தா முதலாளியை (பகுதிக்கு ஒருத்தனா இருக்கிற பெரிய எதிரி, பாஸ்) தேடிப் போகாதீங்க, பெட்டியும் பானையும் உடைச்சுட்டு சாவுங்க, அதுதான் அவன் வேலை. பலமான வாரிசு வந்தா அன்னிக்குச் சண்டை. எந்த வாரிசை எதுக்கு அனுப்புறோம்னு முடிவு பண்ணி ஆடினா இந்த அலுப்பு பாதி குறையும்.

கேரன் வசூலைக் குறைக்கிற ஹேகிள்னு மேனர்ல ஒண்ணு இருக்கு, ஒரு லெவலுக்கு 10%, 5 லெவல் ஏத்தினா பாதி. அவசரம் வேண்டாம். ஆரம்பத்துல காசைச் செலவழிச்சுக் கையைக் காலியாக்கிட்டுத்தானே உள்ள போறோம், அவன் பிடுங்க ஒண்ணும் இருக்காது. ஒரே ஆட்டத்துல வாங்க முடியாத விலை வந்த பிறகுதான் அது உதவும்.

சுண்ணாம்புக்கல்:
ரூன் (ஆயுதம், கவசத்துல பதிக்கிற மந்திரக் குறி) பத்தி யாரும் சொல்லலையே? ஆட்டமே மாறுற இடம் அதுதான். கத்தி, தலைக்கவசம், மார்புக்கவசம், கைக்கவசம், கேப் ஆக 5 இடம், இடத்துக்கு ஒரு ரூன். கேப்புக்குக் கிடைச்ச வால்ட் (கூடுதல் தாவல்) கேப்புக்கு மட்டும்தான், கத்திக்கு வேணும்னா தனியாத் தேடணும். ஒரே ரூனை ரெண்டு இடத்துல போட்டா பலன் கூடும்: ரெண்டு வால்ட்னா காத்துல ரெண்டு தடவை கூடுதலாத் தாவலாம். முதல்ல ஒரு வால்ட், ஒரு ஸ்பிரிண்ட் (சட்டுனு பாயுறது), மிச்சத்துக்கு வாம்பயர். கொன்னா எச்பி ஏறும், நீண்ட ஆட்டத்துல இது சோறு போடும்.

ரூன் இருக்கிறது தேவதைப் பெட்டியில. ஒவ்வொண்ணுக்கும் நிபந்தனை உண்டு, அடி வாங்காமப் போ, நேரத்துக்குள்ள போன்னு. கீழே முள் இருந்தா கீழ்நோக்கு வெட்டைப் பழகிக்கோங்க: தாவிட்டுக் கீழ் பட்டனோட தாக்குதலை அழுத்தினா கத்தி பட்ட இடத்துலேருந்து பந்து மாதிரி எகிறுவீங்க. உச்சத்துலயே அழுத்தினா கத்தி சேர்றதுக்குள்ள வெட்டு முடிஞ்சு நேரா முள்ளுல இறங்கிடுவீங்க. இறங்க ஆரம்பிச்சு, மேடை காலுக்குக் கிட்ட வந்த பிறகு அழுத்தணும். பி.ஏ.டி. குறை உள்ள வாரிசு வந்தா விடாதீங்க, கால்ல நாடி இல்லாததால முள் பொறியே மேல வராது.

கோட்டை_எலி:
முதலாளிக்கு வாசல்ல நிக்கிற ஆர்க்கிடெக்ட்தான் (கட்டடக்காரர்) வழி. முதல் வாரிசு முதலாளி கதவையும் பக்கத்து டெலிபோர்ட்டரையும் (நொடியில இடம் மாத்துற மேடை) கண்டுபிடிச்சுட்டு சாகட்டும். அடுத்தவன் ஆர்க்கிடெக்ட்கிட்ட கோட்டையைப் பூட்டச் சொன்னா அமைப்பு மாறாது. நேரா டெலிபோர்ட் பண்ணி முழு எச்பி, முழு மானாவோட கதவுல நிக்கலாம். தண்டம் 40% தங்கம், அதனால காசு சேர்க்கிற ஆட்டத்துல பூட்டினா நஷ்டம். பழைய பெட்டிகளும் காலியாத்தான் இருக்கும்.

ஒரு தடவை செத்த முதலாளி எல்லாத் தலைமுறைக்கும் செத்தவன்தான். அறைகள் மாறினாலும் திசை மாறாது: வலப்பக்கம் காடு, மேல மாயா கோபுரம், அடியில இருட்டு. முதல்ல கோட்டையோட முதலாளி கித்ர், அப்புறம் காடு, கோபுரம், இருட்டுன்னு போங்க. இருட்டோட முதலாளி ஹெரோடோடஸ் அடிக்க அடிக்கப் பிளந்து பெருகும். எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா அடிச்சா அறை முழுக்கக் குட்டிகள், நிக்க இடம் இருக்காது. ஒரு துண்டைக் கடைசிக் குட்டி வரை முடிச்சுட்டு அடுத்ததைத் தொடுங்க.

பாதிக்கிணறு:
எல்லாம் சரி, ஒரு குறையை மறைக்க வேண்டாம். அறை வகைகள் அளவானதுதான், நாலு பகுதியும் பார்த்த பிறகு நுழையும்போதே அந்த அறை எதுன்னு தெரிஞ்சுடும். நியூ கேம் பிளஸ்ல (முடிச்ச பிறகு மறுபடி ஆடுற சுற்று) எதிரிக்குப் பலம் ஏறும், கோட்டை அதே கோட்டை. ஒரு தடவை முடிச்சுட்டு வெச்சுடலாம்கிறது என் கட்சி.

இரவுவண்டு:
நன்றி மக்களே. மூணு வாரிசும் மோசமா வந்தா? இப்ப ஒருத்தனுக்கு வெர்டிகோ, திரை தலைகீழ்.

மூணாம்_வாரிசு:
வெர்டிகோவைத் தொடாதீங்க, பழகாத கைக்கு வீண் சாவு. வாரிசுகளை மாத்திக் கலைச்சுப் போடுற வசதி மேனர்ல இருக்கு, தலைமுறைக்கு ஒரு தடவை. அதை வாங்குற வரை மூணுல மைனர் இருந்தா அவனையே அனுப்புங்க.