மதுரை மாநகராட்சிப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையிடம் ஒப்படைத்துவிடலாமா?

வைகைக்கரையான்:
இந்த அரையாண்டு வீட்டு வரியை நேற்று கட்டினேன். ஏப்ரல் 30-க்குள் கட்டினால் ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதால் ஆண்டுதோறும் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பவன் நான். ரசீதை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் இந்த எண்ணம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரிக்குள் கல்விக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது?

என் தங்கை மகள் நகருக்குள் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன். அறிவியல் ஆசிரியை ஓய்வு பெற்ற பிறகு மூன்று மாதம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. கணக்கு ஆசிரியர்தான் இரண்டு பாடத்தையும் நடத்தினார். அவரைக் குறை சொல்ல என் மனம் இடம் கொடுக்காது. பள்ளி விட்ட பிறகும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். ஆனால் ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தை நம்பி ஒரு நகரம் பள்ளிக்கூடம் நடத்தலாமா?

100 வார்டுகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும், பாதாளச் சாக்கடை அடைப்பை எடுப்பதும், குப்பையை அள்ளுவதும் மாநகராட்சியின் வேலை. அவையே இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் நடத்த அரசில் ஒரு துறையே இருக்கிறது. அந்தத் துறையின் பள்ளியில் ஓர் இடம் காலியானால் பக்கத்துப் பள்ளியின் உபரி ஆசிரியரைக் கொண்டு பணிநிரவல் செய்ய வழி உண்டு. மாநகராட்சி ஆசிரியர்களோ தனி அலகு, அதாவது தனி நிர்வாகப் பிரிவு. அந்த வேலிக்குள்ளேயே சுற்றி வர வேண்டும். பேசாமல் ஒப்படைத்துவிடுவோம் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தம்பி, மாநகராட்சிப் பள்ளிகள் மூன்றில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். நீங்கள் சொல்லும் காலியிடத் துன்பம் உண்மை. அதை நான் மறைக்கப் போவதில்லை. "அலகு விட்டு அலகு மாறுதல்" என்ற ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தோழிகள் எனக்கு உண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளிவீதியார், காக்கைபாடினியார், பொன்முடியார், ஔவை, இளங்கோ, மணிமேகலை. இவை நம் மாநகராட்சிப் பள்ளிகளின் பெயர்கள். நெசவாளி வீட்டுப் பெண்ணும், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர் மகளும் "நான் காக்கைபாடினியாரில் படிக்கிறேன்" என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரை வைத்தது இந்த ஊர். சங்கம் வளர்த்த ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்தப் பேச்சுக்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் சான்று இந்தப் பள்ளிகள்தான். இவற்றை வேறொரு கைக்குத் தள்ளிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம் என்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். குழாய் உடைந்தால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். காலையில் பால் வாங்க வரும்போது அவரை மடக்கிக் கேட்டிருக்கிறேன். துறையின் கோப்பு சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும். அங்கே போய் யாரை மடக்குவது?

வைகைக்கரையான்:
அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். பெயர் அழகானது. ஆனால் பெயர் பாடம் நடத்தாது. அந்தத் தெருக் கவுன்சிலர்களும் மண்டலத் தலைவர்களும் இருந்த மன்றத்தில் என்ன நடந்தது என்று பார்த்தோமே. அதிகாரிகளின் கடவுச்சொற்களைக் கொண்டு கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் பதிந்ததாக எழுந்த வழக்கு 2025-இல் ஊரையே உலுக்கியது. கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். வரியையே காப்பாற்ற முடியாத இடத்தில் பிள்ளைகளை எப்படி ஒப்படைத்து வைப்பது? என் கோபம் அதுதான்.

செல்லூர் அம்மா:
நான் ஒன்று சொல்லலாமா? கொரோனா நேரத்தில் எங்கள் வீட்டுத் தறி நின்றது. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை. மகனை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தேன். அழுதுகொண்டேதான் சேர்த்தேன். இப்போது அவன் ஏழாம் வகுப்பு. தமிழில் பிழையில்லாமல் கடிதம் எழுதுகிறான். பாடத்தில் எனக்குக் குறை இல்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதுதான் என் குறை. பெண் பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நிற்கிறார்கள். துறையா மாநகராட்சியா என்று நீங்கள் பேசுங்கள். அந்தத் தாழ்ப்பாளை யார் போடுவார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய கணக்கர்:
உள்ளாட்சியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா கேட்டதற்குப் பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் ஒரே உண்டியல் அன்று. மூன்று நிதிகள் தனித்தனியாக எழுதப்படுகின்றன. முதலாவது வருவாய் மற்றும் மூலதன நிதி. இரண்டாவது குடிநீர் மற்றும் வடிகால் நிதி. மூன்றாவது தொடக்கக் கல்வி நிதி. வீட்டு வரியில் கல்விக்கென்று வசூலாகும் பங்கு இந்த மூன்றாவதில்தான் சேர வேண்டும். இதற்கு வேர் 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பாட்டன், தந்தை, நாம் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் வரி இது. நூலக வரி வேறு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு என்று வசூலித்து அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். கல்வி வரி அப்படி வெளியே போவதில்லை. அது மாநகராட்சியின் கையிலேயே நிற்கும் பணம், ஆனால் சாலை போடவோ விளக்கு வாங்கவோ எடுக்கக்கூடாத பணம்.

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அன்றைக்கு எல்லாரும் வரியைப் பற்றித்தான் பேசினோம். அந்த உயர்வோடு கல்விப் பங்கும் சேர்ந்தே உயர்ந்தது என்பதை யாரும் பேசவில்லை. வைகைக்கரையான் தம்பி சொன்ன வரிக் குறைப்பு வழக்கையும் இங்கே வைத்துப் பாருங்கள். ஒரு வணிகக் கட்டடத்துக்கு வரியைக் குறைத்துப் பதிந்தால் குறைவது பொது நிதி மட்டும் அன்று. கல்வி நிதியும் அதே விகிதத்தில் குறைகிறது. செல்லூர்ப் பிள்ளைகளின் தாழ்ப்பாள் அந்தக் குறைப்பில் போயிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே ஒப்படைப்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால், தொடக்கக் கல்வி நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, மீதி எவ்வளவு என்ற நான்கு எண்களைக் கேட்க வேண்டும். மார்ச் மாதம் மன்றத்தில் வைக்கும் புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கும். பெரும்பாலோர் புரட்டாத பக்கம் அது.

உசிலம்பட்டியான்:
ஒப்படைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் வயிறு கலங்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் எங்கள் சமூகத்தையே குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் காலத்தில், கள்ளர் பொது நிதியின் துணையோடு வளர்ந்தவை. எங்கள் தாத்தா காலத்தில் கைநாட்டு வைத்த வீடுகளில் எழுத்தைக் கொண்டுவந்து சேர்த்தவை. பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-இல் மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. ஆசிரியர் கிடைப்பார் என்று எங்களிடமும் சொன்னார்கள். எங்கள் கேள்வி, நிலமும் நிதியும் அந்தப் பள்ளியின் வரலாறும் யாருக்குப் போகும் என்பது. மதுரைக்காரர்களும் அதையே கேளுங்கள். நான்கு மாசி வீதிகளைச் சுற்றி ஒரு சென்ட் நிலம் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். பள்ளி கைமாறினால் அந்த மைதானம் என்ன ஆகும்?

வைகைக்கரையான்:
உங்கள் பள்ளிகளின் கதை வேறு, ஐயா. அது ஒரு சமூகம் பட்ட காயத்திலிருந்து பிறந்தது. மாநகராட்சிப் பள்ளி நிர்வாக வசதிக்காக ஏற்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நிலம் பற்றிய அச்சத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
நிர்வாக வசதிக்காக ஏற்பட்டது என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று இந்த மாநிலத்தில் முதலில் நினைத்தது யார்? 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி. ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அது தொடங்கியது. காமராசர் அதை மாநிலத் திட்டமாக விரித்தது பின்னால். பிள்ளையின் பசியை முதலில் பார்த்தது தெருவுக்குப் பக்கத்தில் இருந்த உள்ளாட்சிதான். காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று நம் நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது.

வைகைக்கரையான்:
அம்மா, அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் சாய்கிறது. நெல்பேட்டையில் தொடங்கியது மாநில அரசின் திட்டம், மாநில அரசின் பணம். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளுக்கு 33.56 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எந்த மாநகராட்சி தன் நிதியிலிருந்து அதைச் செய்திருக்க முடியும்? பெரிய கை வந்தால்தான் பெரிய வேலை நடக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
பணம் மாநிலத்தினுடையது, ஒப்புக்கொள்கிறேன். 1920-இல் சென்னையில் மாநகராட்சி முன்னே சென்றது, 2022-இல் மதுரையில் மாநகராட்சி இடம் மட்டும் கொடுத்தது. அந்த நூறு ஆண்டில் உள்ளாட்சி எவ்வளவு சுருங்கிவிட்டது என்று எனக்கு வலிக்கிறது. சுருங்கியதை வளர்க்க வேண்டும் என்கிறேன். நீங்கள் வெட்டிவிட வேண்டும் என்கிறீர்கள்.

புறநகர்வாசி:
2011-இல் மூன்று நகராட்சிகளையும் மூன்று பேரூராட்சிகளையும் பதினொரு ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியைப் பெரிதாக்கினார்களே, அப்படிச் சேர்ந்த ஒரு பகுதியில் குடியிருக்கிறேன். நாங்கள் மாநகராட்சிக்கு வரி கட்டத் தொடங்கிவிட்டோம். பக்கத்துப் பள்ளியின் பலகையில் மட்டும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றே நெடுநாள் இருந்தது. சுற்றுச்சுவர் இடிந்தபோது ஓர் அலுவலகத்தில் "பள்ளி எங்களுடையது அல்ல" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "பகுதி எங்களுடையது அல்ல" என்றார்கள். இரண்டு மழைக்காலம் அந்தச் சுவர் அப்படியே கிடந்தது. ஆடு மாடு உள்ளே வந்தது. நாங்கள் கட்டிய கல்வி வரி எங்கள் பிள்ளைகளின் சுவருக்கு வரவில்லை. எனவே யாரிடம் இருந்தாலும் ஒரே கையில் இருக்கட்டும். பாதி அங்கே பாதி இங்கே என்பதுதான் பிள்ளைகளைக் கொல்கிறது.

பழைய கணக்கர்:
இதுதான் நான் அஞ்சும் இடம். வரி ஒரு கையிலும் பள்ளி ஒரு கையிலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் சுவரே சாட்சி. ஒப்படைத்த பிறகு நகரம் முழுவதும் அதே நிலை வரும். கல்வி வரியை மாநகராட்சி வசூலிக்கும், பள்ளியைத் துறை நடத்தும், சுவர் இடிந்தால் இரண்டு அலுவலகமும் கையை விரிக்கும். வைகைக்கரையான் தம்பி இதற்கு ஒரு வழி சொன்னால் நான் அவர் பக்கம் வரத் தயார்.

வைகைக்கரையான்:
வரியையும் சேர்த்தே துறைக்குக் கொடுக்கலாம், நூலக வரியைக் கொடுப்பதுபோல.

பழைய கணக்கர்:
நூலக வரியைக் காலத்தில் கொடுக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது புதிய செய்தி அன்று, தம்பி. நான் இருந்த இடத்திலேயே அந்தக் கோப்பை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். சம்பள நாள் நெருங்கும்போது முதலில் தள்ளிவைக்கப்படுவது அந்தக் காசோலைதான்.

செல்லூர் அம்மா:
நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். இந்த வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது. கவுன்சிலரும் அந்தக் குழுவில் ஒருவர், இந்த முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன நான்கு எண்களை எப்படிக் கேட்பது என்று ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? எனக்கு வாயால் கேட்கத் தெரியும், தீர்மானமாக எழுதத் தெரியாது.

பழைய கணக்கர்:
இன்று இரவே எழுதி அனுப்புகிறேன் அம்மா. தாழ்ப்பாளைத் தனித் தீர்மானமாக எழுதுங்கள். நிதிக் கணக்கோடு சேர்த்து எழுதினால் நிதிக்குக் காத்திருக்கிறோம் என்று சொல்லி அதையும் தள்ளிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
எழுதியதை எனக்கும் அனுப்புங்கள் அம்மா. பிழை பார்த்துத் தருகிறேன். மாமன்றத்தில் கல்விக்கென்று ஒரு நிலைக்குழு இருக்கிறது. தீர்மானத்தின் ஒரு படியை அதன் தலைவருக்கும் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

செல்லூர் அம்மா:
சரி அம்மா. கவுன்சிலர் வராவிட்டால் குழுவில் உள்ள தாய்மார்கள் ஏழு பேர் அவர் வீட்டுக்கே போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

வைகைக்கரையான்:
எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஒப்படைக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. என் வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.