ஹுவாங் ஜின் யா துவர்க்கிறது: கோளாறு இலையிலா, கைப்பக்குவத்திலா?

தேநீர்ப்பித்தன் (கேள்வி)

சீனாவின் சேஜியாங் மாகாணத்து ஹுவாங் ஜின் யா, 25 கிராம் பாக்கெட். ‘கிரீன் டீ, சிங்மிங்குக்கு (ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சீனப் பண்டிகை) முன் பறித்தது’ என்று போட்டிருக்கிறது. காய்ந்த இலை நல்ல மஞ்சள். விலையைப் பார்த்தால் சோதனை செய்து வீணாக்க மனம் வரவில்லை, அதனால் கேட்டுவிட்டுத் தொடரலாம் என்று இருக்கிறேன்.

இப்போதைய கணக்கு: 3 கிராம் இலை, 200 மி.லி. தண்ணீர், 90 டிகிரி, மூடி போட்ட கப்பில் 4 நிமிடம். முதல் மடக்கில் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. கப் பாதியாவதற்குள் நாக்கின் ஓரத்தைத் துவர்ப்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை ஊற்றினால் வெந்த கீரை வாசம். மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று மினுங்குகிறது.

மஞ்சள் இலை என்றால் இது யெல்லோ டீ இல்லையா? ஊறிய இலைகளில் பாதி முழு மஞ்சள், சிலவற்றில் காம்புப் பக்கம் பச்சை ஓடுகிறது, இது கலப்படமா? சூடு, அளவு, நேரம் எப்படி வைப்பது? மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கொழுந்து (பதில்)

யெல்லோ டீ என்பது இலையின் நிறத்தால் வந்த பெயரல்ல, செய்முறையால் வந்தது. சூட்டில் வதக்கிய இலையை ஈரம் போகுமுன் துணியிலோ காகிதத்திலோ பொதிந்து புழுங்க விடுவார்கள். சீன மொழியில் அதற்கு ‘மென் ஹுவாங்’ என்று பெயர். அந்தப் புழுக்கத்தில் பச்சை மங்கி மஞ்சளாகும், துவர்ப்பும் தணியும். ஹுனானின் ஜுன்ஷான் யின்ஜென், சிச்சுவானின் மெங்டிங் ஹுவாங் யா, அன்ஹுயியின் ஹுவோஷான் ஹுவாங் யா எல்லாம் அந்த ரகம். ஹுவாங் ஜின் யாவில் அந்தப் படியே கிடையாது. பறித்து, பரப்பி வாடவிட்டு, சூட்டில் வதக்கி நொதிகளை அடக்கி, வடிவம் கொடுத்து, உலர்த்துகிறார்கள். சுத்தமான கிரீன் டீ. மஞ்சள் செடியிலேயே வந்தது. ‘ஹுவாங் யா’வுக்கும் ‘ஹுவாங் ஜின் யா’வுக்கும் நடுவே ஒரு ‘ஜின்’, அதாவது பொன், அவ்வளவுதான் வித்தியாசம், விற்பவர்களே குழப்பிக்கொள்வதுண்டு. ஆன்ஜி பாய் சா என்ற இன்னொரு சீனத் தேயிலை பெயரில் ‘வெள்ளை டீ’, செய்முறையில் கிரீன் டீ. அங்கேயும் இதே கூத்துதான்.

இந்தச் செடி நிங்போவைச் சேர்ந்த யூயாவ் பகுதியில் 1990களின் கடைசியில் கிடைத்தது. ஒரு தேயிலைச் செடியில் தானாக மஞ்சளாகத் துளிர்த்த கிளை. அதிலிருந்து குச்சி வெட்டி நட்டுப் பெருக்கினார்கள். வெயில் பட்டால் இதன் இலையில் பச்சையம் சரியாக உருவாவதில்லை, கரோட்டினாய்டின் மஞ்சள் மேலே தெரிகிறது. நிழல் விழுந்தால் பச்சை திரும்பிவிடும். அதனால் ஒரே செடியில் உச்சிக் கொழுந்து பொன்னாகவும் உள்ளே மறைந்த இலை பச்சையாகவும் இருக்கும். ஊறிய இலை ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். இன்னொரு இலை மேலே படிந்து வெயிலை மறைத்த இடம் பச்சையாகத் தங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காம்புப் பக்கம் பச்சை ஓடுவதும் அப்படித்தான், அது கலப்படம் ஆகாது. விளிம்பு முதல் விளிம்பு வரை கரும்பச்சையான இலைகள் நிறைய இருந்தால் மட்டும் வேறு ரகம் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

பலர் கோட்டை விடுவது இன்னொன்றில். மஞ்சளாக இருப்பதாலேயே அது வசந்த காலத்து இலை என்று ஆகிவிடாது. ஆன்ஜி பாய் சா குளிரால் வெளுக்கும் செடி. சுமார் 23 டிகிரியைத் தாண்டினால் இலை பச்சையாகிவிடும். அதனால் வெளுத்த இலை என்றாலே வசந்தம் என்று நம்பலாம். ஹுவாங் ஜின் யா வெளிச்சத்தால் மஞ்சளாகும் செடி. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் விடும் கொழுந்தும் மஞ்சள்தான், ஆனால் அதில் துவர்ப்புத் தரும் கேட்டசின் ஏறி, இனிப்புத் தரும் அமினோ அமிலம் இறங்கியிருக்கும். நாக்கில் தெரிவது துவர்ப்பு. ஊறிய கொழுந்தில் மொட்டும் இலையும் ஏறக்குறைய ஒரே நீளம், காம்பு குட்டை என்றால் வசந்தப் பறிப்பு. மொட்டு ஒல்லி, இலை அகலம், கணு (இரண்டு இலைக்கு நடுவே உள்ள காம்பு) நீளம் என்றால் கோடை.

பழைய கிரீன் டீயும் மஞ்சளாகும், ஆனால் அந்த மஞ்சளில் பழுப்பு ஏறியிருக்கும், ஊறினாலும் மங்கலாகவே கிடக்கும். இதில் காய்ந்தபோது இருந்ததைவிட ஊறிய பிறகு மஞ்சள் துலங்க வேண்டும். என்னைக் கேட்டால் காய்ந்த இலையின் அழகைப் பார்த்து வாங்கவே கூடாது, கப்பின் அடியில் கிடக்கும் இலைதான் சாட்சி.

ஆவி அடங்கட்டும் (பதில்)

பாதித் துவர்ப்பு உங்கள் மூடியில் இருக்கிறது.

இந்த ரகத்துக்கு மவுசே அமினோ அமிலத்தால்தான். சாதாரண தேயிலையில் 2 முதல் 4 சதவீதம் என்றால் இதன் வசந்தக் கொழுந்தில் 6ஐத் தாண்டும். அதில் பெரும்பங்கு தியானின். தியானின் இளஞ்சூட்டிலேயே கரைந்துவிடும். கேட்டசினும் காஃபீனும் வெளியே வரத்தான் சூடும் நேரமும் வேண்டும். 90 டிகிரி, 4 நிமிடம், மேலே மூடி என்றால் வேண்டாததையும் கூப்பிட்டுக் கொண்டுவருகிறீர்கள். மூடிக்குள் சூடு இறங்காது, இளம் இலை வெந்துவிடும். கீரை வாசம் அதுதான்.

200 மி.லி. நீளக் கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் அலசிக் கொட்டிவிட்டு 3 கிராம் போடுங்கள். 80 டிகிரித் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, டம்ளரைச் சாய்த்து அரை நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். இலை நனைந்து வாசனை விடும் கட்டம் இது, மூக்கைக் கொண்டுபோக வேண்டியது இப்போதுதான். வேகவைத்த இளம் சோளம் மாதிரி ஒரு இனிப்பு மணம் வரும். பிறகு டம்ளரின் உள்சுவரில் வழியும்படி மீதியை ஊற்றுங்கள். இலை மேலேயே கொட்டினால் கொழுந்து சிதையும். மூடி வேண்டாம். ஒன்றரை நிமிடத்தில் குடிக்க ஆரம்பிக்கலாம். முழுவதும் குடித்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கு நிற்கும்போதே மறுபடி ஊற்றுங்கள். வற்ற விட்டால் அடுத்த டம்ளர் சப்பென்று இருக்கும். மூன்று முறை தாங்கும்.

வெப்பமானி இல்லையென்றால், கொதித்த தண்ணீரை ஆறிய பீங்கான் ஜாடிக்கு மாற்றினால் ஏறக்குறைய 8 முதல் 10 டிகிரி குறையும். இரண்டு முறை மாற்றினால் 80 பக்கம் வந்துவிடும்.

கைவானில் (மூடியுள்ள சீனப் பீங்கான் கிண்ணம்) என்றால் 120 மி.லி.க்கு 3 கிராம். முதல் ஊற்று 25 நொடி, இரண்டாவது 20, மூன்றாவது 40, நான்காவது ஒரு நிமிடம். இரண்டாவது ஏன் குறைவு என்றால் இலை அதற்குள் நனைந்து விரிந்திருக்கும். வடித்த பிறகு மூடியை முழுதாகச் சாத்தாமல் சரித்து வையுங்கள்.

சுடுதண்ணீர்க் கட்சி (பதில்)

80 என்பது வேதவாக்கு இல்லை. 75க்குக் கீழே போனால் இனிப்பு இருக்கும், மணம் எழும்பாது. பாதி டீயை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்த மாதிரி. கைவானில் 85 முதல் 90 வைத்து, 12 முதல் 15 நொடியில் வடித்துவிட்டால் மணமும் வரும், துவர்ப்பும் அவ்வளவு வராது. கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டம்ளரில் இலையை ஊறப்போட்டே குடிப்பவர்களுக்கு 80 சரி.

கேட்டவருக்கு ஒரு விஷயம். சீனாவில் கிரீன் டீயைத் தரம் பார்க்கும் முறை 3 கிராம், 150 மி.லி., கொதிநீர், மூடியுடன் 4 நிமிடம். குறையை வெளியே இழுக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். தெரியாமலே நீங்கள் கிட்டத்தட்ட அந்தப் பரீட்சையைத்தான் வைத்திருக்கிறீர்கள். நல்ல வசந்த ஹுவாங் ஜின் யா அந்தக் கொதிநீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், துவர்த்தாலும் உடனே கரைந்து தொண்டையில் இனிப்பாகத் திரும்பும். ஆக, அடுத்த 3 கிராமை 80 டிகிரியில், மூடாமல், ஒன்றரை நிமிடம் பாருங்கள். துவர்ப்பு காணாமல் போனால் கோளாறு கையில். அப்போதும் நாக்கைப் பிடித்து நிற்கிறதென்றால் கோடை இலை, இல்லையென்றால் உலர்த்தும்போது தீய்ந்த இலை. பொரிந்த வாசமும் விளிம்பில் பழுப்புப் புள்ளியும் இருந்தால் தீய்ந்ததுதான். இந்த ரகத்தின் இலை மென்மையானது, கொஞ்சம் அசந்தால் விளிம்பு கருகும்.

தேநீர்ப்பித்தன்

கணுவைப் பார்த்தேன், குட்டைதான். பழுப்புப் புள்ளி இல்லை. தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 310. இலை தட்டை வடிவம், நெடுநேரம் மிதக்கிறது. பாக்கெட்டின் அடியில் தூள் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, இதுவரை அதையும் சேர்த்தேதான் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

நீர்மட்டம் (பதில்)

அந்த ஆடைக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடினத் தண்ணீரின் கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் பாலிஃபீனாலோடு (கேட்டசின் போன்ற துவர்ப்புப் பொருள்கள்) சேர்ந்து மேலே படலமாகும். பைகார்பனேட் டீயின் புளிப்புத்தன்மையை அடக்கி நிறத்தையும் கருக்கச் செய்யும். இந்த டீயில் சாறு வெளிர் பொன்னாக இருக்க வேண்டும், உங்கள் தண்ணீரில் அது மங்கும். தியானினின் நுண்சுவையும் அமுங்கிப்போகும். ஆர்.ஓ. தண்ணீர் 3 பங்குக்கு உங்கள் தண்ணீர் 1 பங்கு கலந்தால் டிடிஎஸ் 90 பக்கம் வரும். 50 முதல் 100க்குள் இருந்தால் போதும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் வைத்தால் டீ தட்டையாக, உடம்பில்லாமல் இருக்கும்.

தூள்தான் மிச்சத் துவர்ப்பு. முழு இலை ஒன்றரை நிமிடத்தில் விடுவதைத் தூள் சில நொடியில் விட்டுவிடும். அகலக் கண் சல்லடையில் சலித்துத் தனியே வையுங்கள். 4 அல்லது 5 கிராம் சேர்ந்ததும் 500 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். குளிர்நீரில் துவர்ப்பு கொஞ்சமாகவே இறங்கும், இனிப்பு தாராளமாக வரும்.

தட்டை இலைக்குள் காற்று நிற்கும், அதனால் மிதக்கும். மேலே சொன்ன நனைக்கும் கட்டத்தை முக்கால் நிமிடமாக்குங்கள், பெரும்பாலானவை இறங்கிவிடும். ஸ்பூனால் அமுக்க வேண்டாம், கொழுந்து ஒடிந்து சாறு கலங்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் பிழை நடப்பதும் அங்கேதான். குளிர்ந்த பாக்கெட்டை எடுத்த உடனே பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் இலை மேல் வியர்க்கும், இரண்டே வாரத்தில் பழைய வாசம் வரும். மிச்சத்தை 6 கிராம் வீதம் அலுமினிய உறைகளாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, எல்லாவற்றையும் இன்னொரு இறுக்கமான டப்பாவில் போட்டு 0 முதல் 5 டிகிரியில் வையுங்கள். ஒரு உறையை முதல்நாள் இரவே வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள். பிரித்ததை மறுபடி உள்ளே வைக்க வேண்டாம், இருட்டான அலமாரியில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கொழுந்து

கணு குட்டை என்றால் இலை மேல் பழி இல்லை. இன்னும் ஒன்று: உறையில் ஆண்டோடு பறித்த தேதி இருக்கிறதா பாருங்கள். சிங்மிங் ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும். ஆண்டு போடாமல் ‘சிங்மிங்குக்கு முன்’ என்று மட்டும் இருந்தால் அது எந்த வருஷத்துச் சிங்மிங் என்று விற்றவரைத்தான் கேட்க வேண்டும்.