மணல் டிப்பரை யார் மறிப்பது?

வன்னியான்: கனகராயன் ஆற்றுப் பக்கம் இரவு இரண்டு மணிக்கும் டிப்பர் ஓடுகிறது, எங்கள் ஒழுங்கை முழுக்கக் கிடங்கும் பள்ளமும். பிரதேச சபையில் கேட்டால் கிராம அலுவலரிடம் போகச் சொல்கிறார்கள், அவர் பொலிஸைக் காட்டுகிறார். உண்மையில் யாருக்கு அதிகாரம்?

முறிகண்டி மச்சான்: தம்பி, மணல் அனுமதி 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி சுரங்கப் பணியகம் கொடுப்பது, மறித்துப் பிடிப்பது பொலிஸ், சபைக்கு ஒழுங்கை மட்டும்தான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாணத்துக்குத் தந்த பொலிஸ் அதிகாரம் இன்னும் கடதாசியில்தான் கிடக்கிறது.

குளக்கட்டு: அண்ணை சொல்வது சரி. ஆனால் டிப்பர்காரர் மணல் அனுமதிப் பத்திரத்தைக் காட்டினால் பொலிஸும் விட்டுவிடும். அதில் எந்த இடம், எத்தனை கியூப் என்று தகவலறியும் சட்டத்தில் எழுதிக் கேளும்.

வன்னியான்: சரி. இரண்டு டிப்பர் நம்பர் குறித்து வைத்திருக்கிறேன், மூன்றாவதுக்குத் தகடே இல்லை.